ஜம்போரி வரலாறு எழுதும்போது சறுக்கும் இடங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் என் மகனின் சாரணர் படைக்காகக் கண்காட்சிப் பலகை ஒன்றை நானே எழுதிக் கொடுத்தேன். பல நாட்டுச் சாரணர்கள் ஒன்றுகூடும் பெருமுகாமான உலகச் சாரணர் ஜம்போரி நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். விரல்விட்டு எண்ணி, '15ஆவது ஜம்போரி, 1979, ஈரான்' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டேன். பலகையின் முன் நின்ற பழைய சாரணர் ஒருவர், "அங்கே யார் தம்பி போனார்கள்?" என்று கேட்டார். யாரும் போகவில்லை. ஈரானில் புரட்சி வெடித்ததால் நெய்ஷாபூரில் நடக்கவிருந்த முகாம் ரத்தானது. 15 என்ற எண் 1983இல் கனடாவின் கனனாஸ்கிஸ் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆகவே பள்ளி ஒப்படைப்புக்காக இந்த வரலாற்றை எழுதும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: ஆண்டையும் எண்ணையும் கணக்குப் போட்டு எழுதாதீர்கள். ஐந்தாவது ஜம்போரி 1937இல் நெதர்லாந்தில் நடந்தது. ஆறாவது நடக்கப் பத்து ஆண்டுகள் ஆயின. போர் முடிந்து 1947இல்தான் பிரான்சின் முவாசோனில் கூடினார்கள். அதற்கு நேர்மாறாக 1955, 1957, 1959 என்று ஈராண்டுக்கு ஒன்றாக மூன்று வந்தன. 1957 சாரணர் இயக்கத்தின் பொன்விழா ஆண்டு, அதன் நிறுவனர் பேடன் பவல் பிறந்த நூற்றாண்டும்கூட, விடுவார்களா? இன்னொரு பொறி ஆண்டின் கடைசி வாரத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியா (1987-88), சிலி (1998-99), தாய்லாந்து (2002-03) ஆகிய மூன்று ஜம்போரிகளும் டிசம்பரில் தொடங்கிப் புத்தாண்டில் முடிந்தவை. தென்கோளத்தில் அப்போதுதான் கோடை; தாய்லாந்தில் மழை ஓய்ந்து கொஞ்சம் குளிரும் காலம். ஒரே ஆண்டை மட்டும் எழுதினால் பாதிதான் சரி.

அடுத்து, தொடக்கம். 1907இல் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் இருபது சொச்சம் சிறுவர்களை வைத்து நடத்திய முகாமை 'முதல் ஜம்போரி' என்று எழுதிவிடுகிறார்கள். அது ஒரு சோதனை முகாம். ஜம்போரி என்ற பெயரில் உலகம் கூடியது 1920இல், லண்டனில். சிங்கப்பூரில் சாரணர் இயக்கம் தொடங்கியது 1910இல். அதாவது ஜம்போரி பிறப்பதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே இங்கே சாரணர்கள் இருந்தார்கள். இந்த வரிசை புரியாமல், ஜம்போரியைப் பார்த்துவிட்டுத்தான் நம் ஊருக்குச் சாரணியம் வந்தது என்று எழுதுவதையும் பார்த்திருக்கிறேன்.

அந்த 1920 முகாமுக்குப் பிள்ளைகள் வரையும் படத்தில் எப்போதும் நிலா இருக்கும், மரம் இருக்கும், கூடாரங்களுக்கு நடுவே தீ எரியும். உண்மையில் அது நடந்தது ஒலிம்பியா என்ற கண்காட்சி மண்டபத்தில், கண்ணாடிக் கூரைக்குக் கீழே. நம் ஊர் எக்ஸ்போ மண்டபத்தில் நடத்துவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். 34 நாடுகளிலிருந்து சுமார் 8,000 சாரணர்கள் வந்தார்கள். பெரிய வயல்வெளி முகாம் என்று நாம் இன்று நினைக்கும் உருவம் பிறகுதான் வந்தது. 1929இல் இங்கிலாந்தின் ஆரோ பார்க்கில் பல்லாயிரம் பேர் கூடியபோது பெய்த மழையில் முகாமே சேறானது. அந்தச் சேற்றைப் பற்றிப் பழைய சாரணர்கள் பெருமையோடுதான் பேசினார்கள்.

'ஜம்போரி' என்பது சுவாஹிலி வணக்கச் சொல்லிலிருந்து வந்தது என்ற கதையை விட்டுவிடலாம். பேடன் பவல் அதைக் கையில் எடுப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அமெரிக்கப் பேச்சுவழக்கில் அந்தச் சொல் இருந்தது. தமிழ்நாட்டில் இதைப் பெருந்திரளணி என்கிறார்கள், நல்ல சொல். ஆனால் 2025இல் மணப்பாறையில் நடந்தது பாரத சாரணர் இயக்கத்தின் வைரவிழாப் பெருந்திரளணி. அந்தப் படங்களை எடுத்து உலக ஜம்போரி என்று ஒட்டக்கூடாது.

ஆசியாவில் முதல் உலக ஜம்போரி எது என்று கேட்டால் பலரும் ஜப்பான், 1971 என்பார்கள். இல்லை, 1959இல் பிலிப்பீன்சின் மக்கிலிங் மலையடிவாரத்தில் நடந்ததுதான் முதலாவது. அதை எழுதுகிறவர்கள் அதோடு நின்றுவிடாமல் இன்னும் நான்கு ஆண்டுகள் தள்ளிப் பார்க்க வேண்டும். 1963இல் கிரேக்க நாட்டின் மாரத்தானில் நடந்த ஜம்போரிக்குப் புறப்பட்ட பிலிப்பீன்ஸ் குழுவினர் 24 பேர், பம்பாய்க்கு அருகே விமானம் கடலில் விழுந்து இறந்தார்கள். மணிலாவை ஒட்டிய கேசோன் நகரில் ஒரு வட்டாரத்துத் தெருப் பெயர்கள் பலவும் 'ஸ்கௌட்' என்று தொடங்குவது அவர்கள் நினைவாகத்தான். விடுமுறைக்குப் போகும் நம்மவர்கள் அந்தத் தெருக்களில் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள், பெயர் எதற்கென்று கேட்பதில்லை.

இனி, 2023. தென்கொரியாவின் சேமங்கும் ஜம்போரியைப் பற்றி எழுதும்போது இரண்டு பிழைகள் சேர்ந்தே வருகின்றன. ஒன்று, அது 'ரத்தானது' என்பது. ரத்தாகவில்லை. கடும் வெயிலில் பலர் சுருண்டு விழுந்தார்கள். பிரிட்டன், அமெரிக்கா, சிங்கப்பூர் குழுக்கள் முன்கூட்டியே வெளியேறின. பிறகு கானுன் சூறாவளி நெருங்கவே, எஞ்சியிருந்த அனைவரையும் பஸ்களில் ஏற்றி வேறு ஊர்களுக்கு மாற்றினார்கள். நிறைவு நிகழ்ச்சி சோலில் நடந்தது. புயலுக்காக முகாமைக் காலி செய்ததும் புதிதல்ல. 1971இல் ஃபூஜி மலைச் சரிவில் அசாகிரியிலும் அப்படித்தான் நடந்தது.

இரண்டாவது பிழை நுட்பமானது: கடலிலிருந்து மீட்ட நிலத்தில் முகாம் போட்டதுதான் தவறு என்பது. சிங்கப்பூரில் இருந்துகொண்டு நாம் இதைச் சொல்லலாமா? ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கூடாரம் அடிக்கிறோமே, அது என்ன நிலம்? 1995 ஜம்போரி நடந்த நெதர்லாந்தின் டிரோன்டன் முன்பு நீருக்கடியில் இருந்த ஊர்தான். 1957இல் நீரை வடித்து எடுத்த நிலம் அது; முகாம் வருவதற்குள் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உழுது, வடிகால் வெட்டி, மரம் வளர்த்திருந்தார்கள். 2015இல் ஜப்பானின் கிராராஹாமாவும் மீட்ட நிலமே. சேமங்கும் நிலம் தட்டையாகக் கிடந்தது. முன்னே பெய்த மழைநீர் வடியாமல் தேங்கியது, ஒதுங்க ஒரு மரநிழல் இல்லை, கழிப்பறைகளும் போதவில்லை. நிலத்தைப் பழிப்பது சுலபம். வடிகாலையும் நிழலையும் பற்றி எழுதுவதற்குக் கொஞ்சம் தேட வேண்டியிருக்கிறது.

பெற்றோர் கேட்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உலக ஜம்போரியில் பங்கேற்பாளராகப் போவது 14 முதல் 17 வயதுவரை உள்ளவர்கள். அதற்கு மேற்பட்டவர்கள் சேவைக் குழுவில் சேர்ந்து போகலாம். மூத்த இளையர்களுக்கான மூட் என்பது வேறு கூட்டம், வானொலி வழியாக நடக்கும் ஜம்போரி முற்றிலும் வேறு. அடுத்த உலக ஜம்போரி 2027இல் போலந்தின் க்தான்ஸ்கில், 26ஆவது.

கடைசியாக, நம் ஊர்க்காரர்கள் எந்த ஜம்போரிக்கெல்லாம் போனார்கள் என்று தேடும்போது 'சிங்கப்பூர்' என்ற பெயரை மட்டும் நம்பாதீர்கள். போருக்கு முந்திய செய்திகளில் மலாயா என்றோ நீரிணைக் குடியேற்றங்கள் என்றோ இருக்கும். தேசிய நூலகத்தின் இணையச் செய்தித்தாள் தொகுப்பில் ஆங்கில இதழ்களில் முதலில் தேதியைக் கண்டுபிடியுங்கள். ஆண்டு 1935க்குப் பிந்தியது என்றால், அந்த வாரத்துத் தமிழ் முரசைத் திறந்து பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். சொல்லைத் தட்டித் தேடினால் கிடைக்காமல் போகலாம்; சாரணர், ஸ்கவுட், ஸ்கௌட் என்று அக்காலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள்.