லூஜ் வண்டி: உராய்வையும் காற்றுத் தடையையும் கணக்கிட்டுக் குறைப்பது எப்படி

லூஜ் என்பது மல்லாந்து படுத்து, கால்களை முன்னே நீட்டிப் பனிப்பாதையில் சறுக்கும் பந்தயம். அதில் வேகத்தைத் தின்பவை இரண்டு: பனிக்கட்டியில் எஃகுப் பட்டைகளின் உராய்வு, எதிரே வரும் காற்று. எதைக் குறைக்க முதலில் உழைப்பது என்று தீர்மானிக்க, இரண்டையும் நியூட்டனில் கணக்கிடுங்கள்.

உராய்வை அளக்கச் சமதளப் பனித்தரை வேண்டும். 20 மீட்டர் இடைவெளியில் இரு வேகமானிகளை வைத்து, ஆள் படுத்திருக்கும் வண்டியைத் தள்ளிவிடுங்கள். இரு வேகங்களையும் வர்க்கப்படுத்தி, அவற்றின் வித்தியாசத்தை 2 × 9.8 × 20 ஆல் வகுங்கள். நொடிக்கு 3 மீட்டர் என்பது 2.25 ஆகக் குறைந்தால் உராய்வுக் குணகம் (உராய்வு விசை எடையில் எத்தனை பங்கு என்பது) 0.01. தரை 20 மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சாய்ந்திருந்தாலே விடை 10% தவறிவிடும். எதிர்த்திசையிலும் ஓட்டிச் சராசரி எடுங்கள். வேகம் கூடும்போது உராய்வுச் சூட்டில் பனி உருகி மெல்லிய நீர்ப்படலம் உண்டாவதால், பந்தய வேகத்தில் குணகம் இதைவிடக் குறையலாம்.

ஆளும் வண்டியும் சேர்ந்து 115 கிலோ என்றால் நேர்ப்பாதையில் உராய்வு 115 × 9.8 × 0.01, சுமார் 11 நியூட்டன். காற்றுத் தடைக்கு: 0.5 × காற்றின் அடர்த்தி × தடைப் பரப்பு × வேகத்தின் வர்க்கம். அடர்த்தி கன மீட்டருக்கு 1.25 கிலோ, தடைப் பரப்பு (காற்றை எதிர்கொள்ளும் முகப்புப் பரப்பை வடிவத்துக்கான தடைக் குணகத்தால் பெருக்கியது) 0.05 சதுர மீட்டர் என்று கொண்டால், நொடிக்கு 10 மீட்டரில் 3 நியூட்டன். 35 மீட்டரில் 38. ஏறத்தாழ மணிக்கு 68 கிலோமீட்டரில் இரண்டும் சமம். ஆக, மேல்பகுதியில் பட்டை முக்கியம், கீழ்ப்பகுதியில் உடல் நிலை. ஆனால் வளைவை மறக்காதீர்கள்: எடையைப் போல் 4 மடங்கு அழுத்தம் விழும் வளைவில் உராய்வும் 45 நியூட்டனாக ஏறி, காற்றை மறுபடி முந்திவிடும்.

பட்டையை 400 எண் உப்புத்தாளில் தொடங்கி 600, 1000, 2000 என்று தேய்த்து, டயமண்ட் பேஸ்டில் (வைரத்தூள் கலந்த மெருகுப் பசை) முடியுங்கள். தேய்ப்பு எப்போதும் நீளவாக்கில்தான். குறுக்குக் கீறல் ஒன்று தங்கினாலும் பனியைச் சுரண்டும். ஒவ்வொரு தாளுக்கும் இடையே துடைக்காவிட்டால் பழைய துகளே புதிய கீறல் போடும். வெளிக்குளிருக்குப் பழகிய பட்டையை வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுவந்தால் ஈரம் படியும். அதோடு திரும்ப வெளியே எடுத்தால் உறைந்துவிடும். உலரத் துடைத்து உறை போடுங்கள். சூடாக்கி ஓட்டுவது விதிமீறல். தொடக்கத்தில் பட்டையின் வெப்பநிலையைச் சோதிப்பார்கள்.

பாதையைப் பார்க்கத் தலையை உயர்த்தித் தடைப் பரப்பு 10% கூடினால், 35 மீட்டர் வேகத்தில் கூடுதலாக 4 நியூட்டன், அதாவது நேர்ப்பாதை உராய்வில் மூன்றில் ஒரு பங்கு. வளைவுகளின் வரிசையை மனப்பாடம் செய்து, தலையைத் தேவையான அளவுக்கு மட்டுமே உயர்த்திப் பாருங்கள். கால் விரல்களை நீட்டி, கெண்டைக்காலால் வண்டியின் முன்பகுதியை வளைவுக்குச் சற்று முன்பே மெல்ல அழுத்துங்கள். தாமதமாக ஓங்கி அழுத்தினால் வண்டி பக்கவாட்டில் வழுக்கி, பட்டையின் விளிம்பு பனியைச் சீவிவிடும்.