கருவிழி ஆபரேஷன் ஆன கண்ணில் இமை இறக்கம்: எங்கே தவறுகிறோம்?

தானமாகக் கிடைத்த கருவிழியைப் பொருத்திக்கொண்ட சிலருக்கு, பார்வை தெளிந்த பிறகு கண்ணாடியில் வேறொரு குறை தெரியும். அந்தப் பக்கத்து மேலிமை இறங்கியிருக்கும். ஆபரேஷனில் இமையை விரித்துப் பிடித்த கருவி, மாதக்கணக்கில் விட்ட ஸ்டீராய்டு சொட்டு மருந்து, கெரட்டோகோனஸ் (கருவிழி மெலிந்து கூம்பு போலப் புடைக்கும் நோய்) உள்ளவர்கள் பல வருடம் போட்டுக் கழற்றிய கெட்டி கான்டாக்ட் லென்ஸ் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். இமையைத் தூக்கும் தசையின் நாண் தளர்ந்துவிட்டது, அவ்வளவுதான். அதை இழுத்துத் தைப்பது பெரிய ஆபரேஷன் இல்லை. ஆனால் ஏற்கனவே கத்தி பட்ட கருவிழியின் மேல் அதைச் செய்வது வேறு கணக்கு.

அவசரப்படுவதுதான் நிறைய பேர் செய்வது. வீக்கத்தால் வந்த இறக்கம் தானே சரியாகலாம் என்பதால் ஏறக்குறைய ஆறு மாதம் பொறுத்துப் பார்ப்பது வழக்கம். கருவிழித் தையல் தளர்ந்து உறுத்தினாலும், கண் காய்ந்து எரிந்தாலும் இமை தாழ்ந்தே நிற்கும். அது கண் தன்னைக் காத்துக்கொள்ளும் விதம். அங்கே சரிசெய்ய வேண்டியது உறுத்தலை, இமையை அல்ல. மாலையில் இறக்கம் அதிகமானால் தசைக்களைப்பு நோயா என்று பார்க்க வேண்டும். திடீரென இமை இறங்கி, பொருள் இரண்டாகத் தெரிந்து, கண் பாப்பாவும் விரிந்திருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கருவிழி மாற்றிய சிலருக்குப் பாப்பா முன்பிருந்தே விரிந்து நிற்கும். அதனால் பழைய ஃபைல் கையோடு இருக்கட்டும்.

“இன்னொரு கண் மாதிரியே தூக்கிவிடுங்கள்” என்று பிடிவாதம் பிடிப்பது எனக்கு மிகப் பெரிய தவறாகப் படுகிறது. பொருத்திய கருவிழியில் நரம்புகள் அறுபட்டிருக்கும், உணர்ச்சி குறைவு. கண்ணாடியைத் தவிர்க்க லேசரால் கருவிழியின் வடிவத்தை மாற்றும் லேசிக் ஆபரேஷனிலும் நரம்புகள் வெட்டுப்படும், அவை மீள மாதங்கள் ஆகும். உணர்ச்சி குறைந்தால் இமைப்பதும் கண்ணீரும் குறையும். இந்த நிலையில் இமையை அதிகம் தூக்கினால் தூக்கத்தில் கண் முழுக்க மூடாது. கருவிழி காயும், புண்ணாகும், மாற்று கருவிழியே மங்கிப்போகக்கூடும். ஆகவே கண்ணீர் அளவு, கருவிழியின் தொடு உணர்ச்சி, மூடும்போது விழி மேலே உருள்கிறதா என்ற மூன்றையும் முன்பே சோதிக்க வேண்டும். இவை சரியில்லை என்றால், கொஞ்சம் குறைவாகவே தூக்கலாம் என்று டாக்டர் சொல்வார். அதைக் கேட்டுக்கொள்வது நல்லது. பாப்பாவை மறைக்காத அளவுக்கு இமை ஏறினாலே பார்வைக்குப் போதும், அழகு அப்புறம்.

லேசிக்கை ஆபரேஷன் கணக்கிலேயே சேர்க்காதவர்கள் உண்டு. பத்து வருடத்துக்கு முன் பத்து நிமிடத்தில் முடிந்தது, அதையும் சொல்ல வேண்டுமா? கட்டாயம் சொல்ல வேண்டும். லேசிக்கில் திறந்து மூடிய மெல்லிய படலம் பல வருடம் கழித்தும் அடிபட்டால் விலகக்கூடும். முழுக் கனமாக மாற்றிய கருவிழியின் விளிம்புத் தழும்பும் பழைய பலத்துக்குத் திரும்புவதில்லை. இமை ஆபரேஷனில் கண்ணை அழுத்தாமலிருக்கவும், தடுப்புக் கவசத்தைப் பதமாக வைக்கவும் டாக்டருக்கு இது தெரிந்தாக வேண்டும். இமையின் உட்புறம் வழியாகச் செய்யும் முறையில் தையல் முடிச்சு கருவிழியில் உரச வாய்ப்புண்டு. அதனால் இப்படிப்பட்டவர்களுக்கு வெளித்தோல் மடிப்பு வழியாகச் செய்வதைப் பலர் விரும்புகிறார்கள். எந்த வழி என்று தயங்காமல் கேளுங்கள்.

ஆபரேஷன் தேதி கிடைத்ததும் பழைய சொட்டு மருந்துகளைத் தாமே நிறுத்துவது இன்னொன்று. ஸ்டீராய்டு சொட்டை நிறுத்தினால் உடல் கருவிழியை நிராகரிக்கும் அபாயம் கூடும். கருவிழி டாக்டரிடம் கேட்காமல் ஒரு சொட்டைக்கூடக் குறைக்க வேண்டாம். பிறகு கண் சிவந்து, வெளிச்சம் கூசி, பார்வை மங்கினால் அதைத் தையல் வலி என்று தள்ளாமல் அன்றே காட்டிவிடுங்கள்.

கண்ணாடி விஷயத்திலும் பொறுமை தேவை. இமையின் அழுத்தம் மாறினால் சிலிண்டர் பவரும் (கருவிழியின் வளைவு சீராக இல்லாததைச் சரிசெய்யும் கண்ணாடி அளவு) மாறும். புது கண்ணாடியை இரண்டு மூன்று மாதம் கழித்து, அளவு நிலைத்த பிறகு வாங்குங்கள். லேசிக் இனிமேல்தான் செய்யப் போகிறீர்கள் என்றால், முதலில் இமையைச் சரிசெய்துவிட்டு அப்புறம் பவரை அளக்கச் சொல்லுங்கள்.