பெரியவர்களுக்கான மாயக்கதை நாவல்: முதல் தடவை படிக்கிறவர்களுக்கு

போன வருஷம் ஒரு நாவலை இரண்டு தடவை பாதியில் மூடி வைத்தேன். ஆங்கிலத்தில் 400 பக்கத்துக்கு மேல்; தேவதைக் கதை மாதிரி, ஆனால் பெரியவர்களுக்கு எழுதினது. மூன்றாவது தடவை நாலே நாளில் முடித்தேன். புத்தகம் அதேதான், படித்த விதம்தான் வேறு. அதற்கப்புறம் இந்த வகையில் ஆறேழு படித்தாயிற்று. எனக்குக் கை கொடுத்த வழியை அப்படியே எழுதுகிறேன். ஆங்கில நாவல் ஓரளவு ஓடும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் வேலை, ‘தேவதை’ என்ற சொல்லை மனசிலிருந்து இறக்கி வையுங்கள். சிறகும் மந்திரக்கோலும் இங்கே கிடையாது. இந்த நாவல்களில் வருகிற மாய ஆட்களை அயர்லாந்து, ஸ்காட்லாந்துக் கிராமங்களில் பெயர் சொல்லவே பயந்து ‘நல்லவர்கள்’ என்றுதான் சொல்வார்கள். ராத்திரியில் பாம்பை நாம் ‘பூச்சி’ என்கிறோமே, அதே பயம். அவர்களுக்கு இரும்பு ஆகாது. எங்கள் அப்பத்தா பொழுது சாய்ந்து கறிக்குழம்பு கொடுத்தனுப்பினால் தூக்குவாளி மேலே ஒரு கரித்துண்டும் ஒரு ஆணியும் வைக்காமல் விடாது. நாவலில் ஒரு பெண் பாவாடை மடிப்பில் ஆணியைச் செருகிக்கொண்டு காட்டுக்குள் போனால், மதுரைப் பக்கத்து ஆளுக்கு அடிக்குறிப்பே தேவையில்லை.

அடுத்து மூலக்கதை. பெரும்பாலும் ஏதாவது ஒரு பழைய கதையின் மேல்தான் நாவலைக் கட்டியிருப்பார்கள். பின்னட்டையிலேயே எந்தக் கதை என்று இருக்கும். அதைத் தேடி முதலில் படித்துவிடுங்கள், 20 நிமிஷம் போதும். கார்ட்டூனில் பார்த்தது கணக்கில்லை. கிரிம் சகோதரர்கள் 1812-ல் போட்ட முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்வது பெற்ற தாய். மகளுடைய நுரையீரலையும் ஈரலையும் கொண்டுவரச் சொல்கிறாள்; வேட்டைக்காரன் கொண்டுவந்த பன்றியுடையதை மகளுடையது என்று நம்பிச் சமைக்கச் சொல்லித் தின்கிறாள். 1819 பதிப்பில்தான் அந்தத் தாய் மாற்றாந்தாய் ஆனாள். இன்றைய நாவலாசிரியர்கள் பலர் அந்தப் பழைய இருட்டைத்தான் தோண்டி எடுக்கிறார்கள்.

இனி படிக்கிற முறை. முதல் 50 பக்கம் ‘உம்’ கொட்டிப் படியுங்கள். “இந்த மந்திரம் எப்படி வேலை செய்யுது, அந்த ராணிக்கு ஏன் நூறு வயசாகியும் நரைக்கல” என்று கேட்டுக்கொண்டே போனதால்தான் இரண்டு தடவையும் 60-ம் பக்கத்தைத் தாண்டவில்லை. எங்கள் வீடு ஒத்தக்கடையில். மாடிக்குப் போனால் எதிரே யானைமலை படுத்திருக்கும். சமணர்கள் வேள்வியில் வரவழைத்து மதுரை மேல் ஏவிய யானை, சொக்கநாதர் அம்பு பட்டு மலையாகிவிட்டது என்று திருவிளையாடல் சொல்லும். அப்பத்தா இதைச் சொன்ன ராத்திரி, எத்தனை டன் யானை என்று நான் கேட்கவில்லை. “உம் கொட்டுடி, இல்லேன்னா கதை தூங்கிரும்” என்று அது சொல்லும், நான் கொட்டுவேன். அந்தக் காதைத்தான் திரும்ப எடுத்து வைத்தேன், புத்தகம் திறந்துகொண்டது.

நான் மோசமாகத் தடுக்கி விழுந்தது அடுத்த இடத்தில். வாக்குக் கொடுக்கிற இடம்.

அந்த நாவலில் காட்டில் வழி தப்பின ஒருவனுக்கு ஒரு அந்நியன் வழி காட்டுகிறான். கூலியாக, “உன் வீட்டில் உனக்கே தெரியாமல் இருப்பதைக் கொடு” என்கிறான். வீட்டில் தெரியாமல் என்ன இருந்துவிடப் போகிறது என்று இவனும் தலையாட்டுகிறான். நானும் இவனை மாதிரியே ஒற்றை வரிதானே என்று தாண்டிவிட்டேன். 300-ம் பக்கத்தில் அந்த அந்நியன் வந்து குழந்தையைக் கேட்டபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னால் புரட்டிப் பார்த்தால், அன்றைக்கு வழி தப்பினவனின் மனைவி முழுகாமல் இருந்திருக்கிறாள். அவனுக்கு இன்னும் தெரியாது. அந்த ஒற்றை வரி மேல்தான் கதையே நிற்கிறது.

பழைய கதைகளில் திரும்பத் திரும்ப வருகிற கண்ணி இது. இந்த உலகத்தில் எண்ணம் என்னவென்று யாரும் பார்ப்பதில்லை, சொன்ன சொல்தான் கணக்கு. அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பு சன்னதியில், அந்தச் சாத்தின கதவுக்கு முன்னால் சத்தியம் செய்ய நிற்கிறவரைப் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு சொல்லையும் நாக்கில் நிறுத்தி நிறுத்திச் சொல்வார். அப்படிப் படிக்க வேண்டிய இடம் இது. எனவே ஒரு 40 பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். யாராவது வாக்கு, சாபம், பேரம், எச்சரிக்கை எதைச் சொன்னாலும், சொன்ன ஆங்கிலச் சொற்களை மாற்றாமல் எழுதுங்கள். பக்கத்தில் பக்க எண். உங்கள் சொல்லில் சுருக்கி எழுதினால் கண்ணி இருக்கிற சொல்தான் முதலில் தவறிப்போகும்.

கருவி என்றால் என் கட்சி காகிதப் புத்தகம், பென்சில், நோட்டு. கிண்டிலில் மஞ்சள் கோடு போட்டால் நூறு கோட்டில் இதுவும் ஒன்றாகிவிடும். சொல்லைத் தேடிப் பிடிக்க மட்டும் அது நல்லது. அகராதியை ஒரு அத்தியாயத்துக்கு மூன்று தடவைக்கு மேல் திறக்காதீர்கள். வீட்டில் அமைதி கிடைக்காவிட்டால் மதுரையில் நத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. சனிக்கிழமை காலையிலேயே போய்விடுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு ஒரு அக்கா, அட்டையில் நரியும் பூவும் இருக்கிறதே என்று பத்து வயது மகளுக்கு ஒன்று வாங்கிவிட்டதாக எழுதியிருந்தார்கள். தயவுசெய்து வேண்டாம். இவற்றில் கொலையும் உண்டு, படுக்கையறையும் உண்டு, சிலதில் பெண்கள் மேல் நடக்கும் வன்முறை நேராகவே வரும். அட்டையை நம்பாமல் நீங்கள் முதலில் படியுங்கள்.

இன்னொரு தம்பி ரஷ்யப் பின்னணி நாவலில் பெயர்கள் குழம்புகிறது என்றார். வசிலிசாதான் வாஸ்யா, ஒரே பெண். நம் வீட்டில் மீனாட்சி என்று பெயர் வைத்துவிட்டு மீனா என்று கூப்பிடுகிற மாதிரி. நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெயருக்கு ஒரு வரி ஒதுக்குங்கள்.

ஆடியோவில் கேட்கலாமா என்றும் கேட்டிருந்தார்கள். இரண்டாவது தடவைக்குச் சரி. முதல் தடவை தாளிக்கிற சத்தத்தில் அந்த ஒற்றை வரி போய்விடும்.

இப்போது கையில் இருப்பதில் 112-ம் பக்கத்தில் ஒரு கிழவி, “மூன்று தடவை கேட்டால் உண்மையைச் சொல்வேன்” என்கிறாள். நோட்டில் ஏற்றிவிட்டேன். கதாநாயகி இதுவரை இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.