நீலகிரியில் கோழிக்கூடு கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரி, குன்னூர், உதகைப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் ஐந்தாறு கோழி வளர்க்க நினைப்பவர்கள் முதலில் அஞ்சுவது குளிருக்குத்தான். டிசம்பர், ஜனவரி விடியலில் தலைகுந்தா, காந்தல் புல்வெளிகள் உறைபனியில் வெளுத்துக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த அச்சம் இயல்பானதே. அதனால் நான்கு பக்கமும் பலகை அடித்து, இடுக்குகளில் சாக்கைத் திணித்து, மேலே தார்ப்பாயும் போர்த்திவிடுகிறார்கள். மலையில் கோழிகளை நோயில் தள்ளும் தவறுகளில் இதைவிடப் பெரியது வேறில்லை.

கோழியின் உடல் வெப்பம் ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். இறகைச் சிலிர்த்து உட்கார்ந்தால், அதற்குள் சிக்கும் காற்றே அதற்குக் கம்பளி. வளர்ந்த கோழி உலர்ந்த குளிரை நன்றாகவே தாங்கும், ஈரத்தைத்தான் தாங்காது. ஒரு கோழி நாளொன்றுக்குக் கால் லிட்டர் அளவு தண்ணீர் குடிக்கிறது. அதில் பெரும்பகுதி எச்சமாகவும் மூச்சாகவும் வெளியேறுகிறது. புது எச்சத்தில் முக்கால் பங்கு நீர்தான். அடைத்த கூட்டில் இந்த ஈரம் போக வழியில்லை. எச்சத்திலிருந்து அம்மோனியா கிளம்பி மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். பிறகு சளி நோய் எளிதில் பற்றிக்கொள்ளும். உறைபனி இரவில் கொண்டை நுனி கறுத்துப் போவதும் ஈரம் தேங்கிய கூட்டில்தான் அதிகம்.

ஆகவே காற்றுத் திறப்பு கட்டாயம் வேண்டும். அது சுவரின் உச்சியில், கூரையை ஒட்டி, கோழிகள் அடையும் கம்புக்கு மேலே, எதிரெதிரான இரு சுவர்களிலும் இருக்கட்டும். தலைக்கு மேலே கடந்துபோகும் காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு போகும். உடம்பில் நேராக வீசும் காற்று கோழியின் சூட்டைப் பறித்துவிடும். கீழிருந்து குளிர்காற்று ஏறும் கம்பிவலைத் தரை உதகைக் குளிருக்கு ஒத்துவராததும் இதனால்தான். விடியற்காலையில் கூட்டின் கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டிப் பாருங்கள். கண் எரிந்தாலோ, கூரையின் உட்புறம் நீர் துளித்திருந்தாலோ திறப்பு போதவில்லை.

தகரக் கூரையில் அந்தத் துளி இன்னும் அதிகம். இரவில் தகரம் சில்லிட்டுப் போக, உள்ளிருந்து எழும் ஈரக்காற்று அதில் பட்டு நீராகிச் சொட்டும். மழையே பெய்யாத நாளில் தரை நனைந்திருந்தால் கூரை ஒழுகுகிறது என்று தேடி அலைய வேண்டாம். தகரத்துக்கு அடியில் சிறிது இடைவெளி விட்டுப் பலகை அடித்தால் போதும்.

மழை வரும் திசையைப் பார்க்காமல் கதவு வைப்பது அடுத்த தவறு. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை அடித்துப் பெய்யும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அக்டோபருக்குப் பிந்தைய வடகிழக்கு மழைதான் பெரிது. ஒரே மாவட்டம்தான் என்று ஓர் ஊரின் கூட்டை அப்படியே பார்த்து இன்னோர் ஊரில் கட்டக் கூடாது. மண்ணை வெட்டிச் சமன்செய்த இடத்தில், வெட்டிய கரையை ஒட்டிக் கூட்டை வைக்காதீர்கள்; மேட்டிலிருந்து இறங்கும் நீர் முழுவதும் அங்கேதான் வரும். மேல்பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டி நீரைத் திருப்பிவிடுங்கள். கால்களைக் கல்லின் மீது நிறுத்தி, பலகைத் தரையைத் தரைமட்டத்திலிருந்து ஒன்றரை அடியாவது உயர்த்துங்கள். அதன்மேல் மூன்று, நான்கு அங்குலம் உமியோ மரச்சுருளோ பரப்பி அடிக்கடி கிளறிவிட வேண்டும்.

உள்ளே ஒரு கோழிக்கு மூன்று முதல் நான்கு சதுர அடி இடம் கொடுங்கள். கம்பு இரண்டு அங்குல அகலத்தில் தட்டையாக இருந்தால் கோழி பாதத்தை இறகால் மூடி உட்காரும். முட்டைப்பெட்டி கம்பைவிடத் தாழ்வாக இருக்கட்டும். இல்லையென்றால் கோழிகள் அதிலேயே அடைந்து எச்சமிடும்.

இனி வலை. கடையில் மலிவாகக் கிடைக்கும் அறுகோணக் கண் கோழிவலை, கோழி வெளியே போகாமல் தடுக்க மட்டுமே உதவும். நாயும் காட்டுப்பூனையும் அதைக் கிழித்துவிடும். கீரிக்கும் மரநாய்க்கும் சிறு ஓட்டையே போதும். கூட்டுக்கு அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பற்றவைத்த வலை, வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் செலவைச் சுருக்க வேண்டிய இடம் இதுவல்ல. காற்றுத் திறப்புகளையும் இதே வலையால் மூட வேண்டும். கோழிகள் பகலில் உலவும் வேலியின் அடியில் ஓரடி அகல வலையை வெளிப்பக்கமாக மடித்து மண்ணில் புதைத்தால், தோண்டி வரும் விலங்கு அங்கேயே தடைப்படும். வெறும் கொக்கியைக் குரங்கு திறந்துவிடும். தாழ்ப்பாளோடு ஒரு பூட்டும் போடுங்கள்.

சிறுத்தை நடமாட்டம் உள்ள ஊர்களில் வலையை மட்டும் நம்பக் கூடாது. தேயிலைச் செடிகளின் விளிம்பில், புதர் மறைவில் கூடு கட்டுவது சிறுத்தையை அழைப்பதற்குச் சமம். சுற்றிலும் புதரை வெட்டி, பொழுது சாயும் முன் கோழிகளைப் பலகைச் சுவர் உள்ள கூட்டுக்குள் அடைத்துவிடுங்கள். செத்த கோழியை ஓடையில் வீசாமல் ஆழமாகப் புதையுங்கள். குன்னூர், கோத்தகிரிக் குடியிருப்புகளில் கரடி தீனி தேடி வருவதை எல்லாரும் அறிவோம். கோழித்தீவனத்தையும் புண்ணாக்கையும் கூட்டருகே மூட்டையாக வைக்காமல், மூடியுள்ள தகர டின்னில் வீட்டுக்குள் வையுங்கள்.

குளிருக்காக இரவு முழுவதும் குண்டு பல்பு எரியவிடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பல்பு கழன்று உமியில் விழுந்தால் கூடே எரிந்துபோகும். பல்பின் சூடு குஞ்சுகளுக்குத்தான் தேவை: முதல் வாரம் 35 டிகிரி அளவில் தொடங்கி, வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துவரலாம். அப்போதும் பல்பைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டு, சுற்றிக் கம்பிக் கூண்டு போட வேண்டும். முதல்முறை வளர்ப்பவர்கள் உறைபனிக் காலம் முடிந்து மார்ச்சில் குஞ்சு வாங்கினால், அடுத்த பனி வருவதற்குள் அவை முழு இறகோடு வளர்ந்திருக்கும்.