எர்த் ராட் அடித்தால் மட்டும் போதாது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் சோலார் பூட்டித் தருகிறேன். செம்பனைக்கு நடுவே ஆட்டுக் கொட்டகை, டுரியான் தோப்புக் குடிசை, ஆட்கள் வெளியேறிய பிறகும் விளக்கு எரியும் தோட்டத்து மாரியம்மன் கோயில் என்று, தெனாகா (மலேசிய மின்சார நிறுவனம்) லைன் எட்டாத இடங்கள்தான் அதிகம். போன மாதம் புதிதாகத் தொழிலுக்கு வந்த இரண்டு தம்பிகள், தாங்கள் பூட்டிய செட்டைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். மண்ணில் ராட், அதாவது கம்பி, அடித்துப் போட்டிருந்த எர்த்தைப் பார்த்ததும் மனசு பதறிவிட்டது. நான் அன்றைக்குச் செய்த அதே தப்பு.

எர்த்தே போடாமல் விடுவதைப் பற்றி இங்கே எழுதவில்லை. அது தப்பு என்று எல்லாருக்கும் தெரியும்.

நியூட்ரலை எர்த்தோடு கட்டாமல் விடுவது

"அஞ்சடி ராட் அடிச்சாச்சு, இஎல்சிபி போட்டாச்சு, டெஸ்ட் பட்டனை அமுக்கினா ட்ரிப் ஆகுது. இன்னும் என்னண்ணே?" என்றான் ஒருவன். கரண்டு லைவ் வயரில் போய் நியூட்ரல் வயரில் திரும்பும். இரண்டும் சமமாக இல்லாவிட்டால் கசிவு என்று கண்டு அணைத்துவிடும் சுவிட்ச்தான் இஎல்சிபி.

தெனாகா லைனில் நியூட்ரலை டிரான்ஸ்பார்மர் பக்கமே எர்த்தில் கட்டியிருப்பார்கள். லைவ் கசிந்தால் கரண்டு எர்த் வழியாகத் திரும்ப வழி இருக்கிறது. இஎல்சிபி அதைக் கண்டுபிடித்து ட்ரிப் ஆகும். தெனாகா லைன் இல்லாமல் பேட்டரிக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றித் தரும் ஆஃப் கிரிட் இன்வர்ட்டர்கள் பலவற்றில் அந்தக் கட்டு கிடையாது. லைவ் பம்பின் உடம்பில் பட்டாலும் திரும்பிப் போக வழியில்லை, அதனால் எதுவும் ட்ரிப் ஆகாது. டெஸ்ட் பட்டன் தன் பெட்டிக்குள்ளேயே லைவிலிருந்து நியூட்ரலுக்குச் சின்னக் கரண்டை விட்டுப் பார்க்கிறது, அவ்வளவுதான். எர்த் இருக்கிறதா இல்லையா என்பதே அதற்குத் தெரியாது.

நானும் அந்தப் பட்டனை நம்பித்தான் ஒரு கோயிலுக்குப் பூட்டினேன். பம்பில் லைவ் கசிந்து மாதக்கணக்கில் யாருக்கும் தெரியவில்லை. பிறகு கூரையடியில் போன நியூட்ரல் வயரை எலி கடித்தது. நகத்தளவு செம்பு இரும்புத் தூணில் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். மழை நாள். பொங்கல் பானை கழுவ வந்த அக்கா வெறுங்காலோடு ஈரத்தரையில் நின்று தூணைப் பிடித்திருக்கிறார். கை விடவில்லை. பூசாரி ஓடிப்போய் மெயினை அணைத்ததால் பிழைத்தார்.

லைவில் போன கரண்டு பம்பு, ராட், மண், தூண் என்று சுற்றி, அதே இஎல்சிபி வழியாக நியூட்ரலில் திரும்பி வந்துவிட்டது. இரண்டும் சமம் என்பதால் அதற்குக் கசிவே தெரியவில்லை. பிரேக்கரும் காப்பாற்றாது. ராட், மண், தூண் எல்லாம் சேர்த்து 100 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் ஓடுவது 2.3 ஆம்பியர். 20 ஆம்பியர் பிரேக்கருக்கு அது ஒரு சுமையே இல்லை. அந்தக் கட்டு இருந்திருந்தால் பம்பில் முதல் கசிவு வந்தபோதே இஎல்சிபி விழுந்திருக்கும். அந்த அக்காவின் உள்ளங்கைத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

இன்வர்ட்டரை ஓடவிட்டு மீட்டர் வைத்துப் பாருங்கள். லைவுக்கும் எர்த்துக்கும் 230, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட 0 வர வேண்டும். இரண்டு பக்கமும் 110, 120 என்று காட்டினால் கட்டு இல்லை. அந்தக் கட்டை டிபி பாக்ஸில் (பிரேக்கர்கள் இருக்கும் பெட்டி), இஎல்சிபிக்கு முன்னால், ஒரே இடத்தில் கட்ட வேண்டும். ஆனால் இன்வர்ட்டர் கையேடு அனுமதித்தால் மட்டுமே. சில மலிவு இன்வர்ட்டர்களில் இரண்டு வயரிலும் வோல்டேஜ் இருக்கும், கட்டினால் எரிந்துவிடும். சில மாடல்கள் உள்ளேயே கட்டியிருக்கும், அதற்கு மேல் இன்னொன்று போடக்கூடாது. லைசன்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு, எர்த்துக்கே கரண்டு விட்டுச் சோதிக்கும் டெஸ்டரால் இஎல்சிபியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஈரத்தரைக்கு 100 மில்லியாம்பியர் கசிந்தால்தான் விழும் இஎல்சிபி

கூடாது. மலேசியாவின் 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைப்படி, தரை ஈரமாகும் இடத்தில் 10 மில்லியாம்பியருக்கு மேல் போகக்கூடாது.

பேனலுக்குத் தனி ராட்

அடிக்கலாம், ஆனால் வீட்டு ராட்டோடு கனமான செம்பு வயரால் சேர்த்தே ஆக வேண்டும். பேராக்கில் இடிக்குப் பஞ்சமில்லை. பக்கத்தில் இடி இறங்கினால் ஒரு ராட் ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறும், மற்றது ஏறாது. அந்த வித்தியாசம் இன்வர்ட்டர் வழியாகத்தான் பாயும்.

பேனல் சட்டத்தில் சும்மா திருகுவது

அலுமினியத்தின் மேல்பூச்சு கரண்டை விடாது. அந்தப் பூச்சைக் கீறிப் பிடிக்கும் பல் வாஷர் போடுங்கள்.

பேட்டரி நெகட்டிவை எர்த் செய்வது

கையேடு சொல்லாமல் தொடாதீர்கள்.