மின்சார காரை எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்கும் முன்

ஆறு வருடம் ஓட்டிய என் மின்சார காரை எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்கப் போனேன். மதிப்புப் போட வந்தவர் வண்டியை ஒரு சுற்று சுற்றிவிட்டு, கதவைத் திறந்து திரையில் இருந்த ரேஞ்சை, அதாவது இருக்கிற சார்ஜில் இன்னும் எவ்வளவு தூரம் ஓடும் என்ற எண்ணைப் பார்த்தார். 162 கிலோமீட்டர். "புதுசுல 250 ஓடின வண்டி சார், பேட்டரி இறங்கிடுச்சு" என்று சொல்லி ஓர் அடிமாட்டு விலையை எழுதி நீட்டினார். சார்ஜ் 80 சதவீதத்தில் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. முந்தின நாள் முழுக்க நெடுஞ்சாலையில், ஏசி போட்டு, வேகமாக வந்திருந்தேன். பெரும்பாலான கார்களில் திரை காட்டும் ரேஞ்ச், கடைசியாக எப்படி ஓட்டினோம் என்பதை வைத்துப் போடும் கணக்கு. அதைப் பார்த்து பேட்டரியின் நிலையைச் சொல்ல முடியாது.

அன்று கையில் காட்ட ஒரு தாள்கூட இல்லாமல் போனதுதான் என் தவறு. விலையை ஒப்புக்கொள்ளாமல் வீட்டுக்கு வந்து, முறையாகத் தயாரானேன்.

முதலில் பேட்டரி. அதன் ஆரோக்கியத்தை எஸ்.ஓ.எச். என்று சதவீதத்தில் சொல்வார்கள். புதிதாக இருந்தபோது எவ்வளவு மின்சாரம் பிடித்ததோ, அதில் இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்பதுதான் அது. சர்வீஸ் சென்டரில் கேட்டால் சோதித்து அறிக்கை தருவார்கள். அதைத் தேதியோடு, ஓடிய கிலோமீட்டரோடு வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியின் கணினித் தகவலைப் படிக்கும் ஓபிடி என்ற சின்னக் கருவியைச் செருகி ஆப்பில் பார்க்கவும் பல கார்களில் வழி உண்டு. நிசான் லீஃப் வைத்திருப்பவர்கள் லீஃப்ஸ்பை ஆப்பைப் பயன்படுத்துவார்கள். லீஃபின் திரையில் பேட்டரியின் நிலைக்கென்று 12 கோடுகள் உண்டு. ஆனால் ஒரு கோடு மறையவே நிறைய இறங்க வேண்டும் என்பதால், 12 கோடும் தெரிகிற இரண்டு வண்டிகளின் பேட்டரி ஒரே நிலையில் இருக்க வேண்டியதில்லை.

நானே ஒரு கணக்கும் போட்டேன். 100 சதவீதம் சார்ஜ் ஏற்றி, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, 10 சதவீதம் வரும்வரை ஒரே நாளில் ஓட்டினேன். செலவானது 30.8 யூனிட். அது 90 சதவீதத்துக்கு உரியது, முழுசுக்கு 34.2 ஆகிறது. என் வண்டியில் புதிதில் பயன்படுத்தக் கிடைத்தது 38 யூனிட். ஆக, சுமார் 90 சதவீதம். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: விளம்பரத்தில் போடும் மொத்தக் கொள்ளளவு வேறு, ஓட்டப் பயன்படும் கொள்ளளவு வேறு. மொத்தத்தை வைத்து வகுத்தால் நல்ல பேட்டரியும் நோஞ்சானாகத் தெரியும். எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி என்றால், சோதிப்பதற்கு முன் இரண்டு மூன்று தடவை முழுசாக ஏற்றிவிடுங்கள். அந்த வகையில் சதவீதக் கணக்கு விலகிப் போவது சகஜம்.

அப்புறம் வாரன்டி. பல நிறுவனங்கள் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், இதில் எது முந்தியோ அதுவரை தருகின்றன. அதற்குள் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் சரிசெய்து தர வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. மீதமுள்ள காலம் அடுத்தவர் பெயருக்கு மாறுமா என்று உங்கள் புத்தகத்தில் பார்த்து, அந்தப் பக்கத்தை நகலெடுத்து வையுங்கள். ரீகாலில், அதாவது குறை இருக்கிறதென்று நிறுவனமே வண்டிகளைத் திரும்ப அழைத்தபோது, பேட்டரி மாற்றியிருந்தால் அந்தத் தாள் தங்கம்.

பேரத்தில் நான் பிடிவாதமாக நின்றது ஒரே இடத்தில்: பழைய வண்டிக்கு எவ்வளவு, புது வண்டி எவ்வளவு, இரண்டையும் தனித்தனியாக எழுதித் தரச் சொன்னேன். 'எக்ஸ்சேஞ்ச் போனஸ்' என்று ஒரு தொகையைச் சேர்த்துக் காட்டிவிட்டு, புது வண்டியில் கிடைக்க வேண்டிய தள்ளுபடியைக் குறைத்துவிடுவது நடக்கும். பழைய கார் வாங்கும் வேறு இரண்டு இடங்களிலும் அதே வாரத்தில் விலை கேட்டேன். எப்போதோ சொன்ன விலை உதவாது. 2023 ஜனவரியில் டெஸ்லா புது வண்டி விலையைக் குறைத்ததும் அதன் பழைய வண்டிகளின் விலையும் சரிந்தது. உங்கள் மாடலுக்கு விலைக்குறைப்போ பெரிய பேட்டரியோடு புது மாடலோ வரப்போகிறது என்று தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

மற்றதெல்லாம் சின்ன வேலைகள். டயர் தேய்மானத்தைப் பார்ப்பார்கள். கனமான வண்டி, சீக்கிரம் தேயும். பிரேக்கை அதிகம் மிதிக்காததால் டிஸ்க்கில் துரு படிந்திருக்கும், முந்தின நாள் நாலு தடவை நன்றாக மிதித்து ஓட்டினால் மேல்துரு போய்விடும். சார்ஜிங் கேபிளையும் இரண்டு சாவிகளையும் எடுத்துப் போங்கள், அவை இல்லையென்றால் அதற்கும் கழிப்பார்கள்.

இரண்டாம் முறை போனபோது அறிக்கையை முதலில் மேசையில் வைத்தேன். அதே மனிதர் படித்துவிட்டு, "இதைக் கொடுத்தா நான் மேல பேச முடியும் சார்" என்று உள்ளே எடுத்துப் போனார். விலை ஏறியது. மற்ற இரண்டு இடங்களில் சொன்னதைவிடவும் அதிகம் என்பதால் ஒப்புக்கொண்டேன். கையெழுத்துப் போட்டுப் பணம் உறுதியான பிறகுதான் ஆப்பிலிருந்து வண்டியை நீக்கி, திரையில் இருந்த வீட்டு முகவரியையும் தொலைபேசி எண்களையும் அழித்து, சாவியைக் கொடுத்தேன்.