இரண்டு எமிகள்: ஆஷ்வுட் கார்வியைப் பற்றி எழுதுவோர் இடறும் இடங்கள்

ஜமைக்காவில் பிறந்த கறுப்பின விடுதலை இயக்கத் தலைவர் மார்கஸ் கார்வியின் மனைவி பெயர் எமி. சரிதான். அவருடைய இன்னொரு மனைவியின் பெயரும் எமிதான். முக்கால்வாசிக் குழப்பம் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

முதலில் அவர் மணந்த எமி ஆஷ்வுட் 1897 ஜனவரியில் ஜமைக்காவின் போர்ட் அன்டோனியோவில் பிறந்தவர். பின்னர் மணந்த எமி ஜாக் அவரைவிட ஓராண்டு மூத்தவர். 1895ஆம் ஆண்டின் கடைசி நாளில் கிங்ஸ்டனில் பிறந்தவர். இருவரும் கார்வியின் இயக்கத்தில் உழைத்தார்கள், இருவரும் எழுதினார்கள், பேசினார்கள், கடைசிவரை இருவருமே ‘கார்வி’ என்ற பெயரை விடவில்லை. போதாக்குறைக்கு, ஆஷ்வுட்டின் கல்யாணத்தில் மணத்தோழியாக நின்றவரே ஜாக்தான். இதனால் ஒருவர் படத்தின் கீழ் மற்றவர் பெயரும், ஒருவர் வரலாற்றுக்குள் மற்றவர் செய்த வேலையும் புகுந்துவிடுகின்றன. கார்வி இயக்கத்தின் ‘நீக்ரோ வேர்ல்ட்’ பத்திரிகையில் 1924 முதல் 1927 வரை பெண்கள் பக்கத்தை நடத்தியவர் ஜாக். கார்வியின் கருத்துகளைத் தொகுத்து 1923லும் 1925லும் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டவரும் ஜாக். கார்வியின் இரு மகன்களும் ஜாக் பெற்ற பிள்ளைகள். இவற்றில் ஒன்றை ஆஷ்வுட் கணக்கில் எழுதிவிட்டால் இருவருக்குமே அநியாயம்.

பெயரைச் சரியாகப் பிரித்த பிறகும் அடுத்த பள்ளம் காத்திருக்கிறது. தமிழில் எழுதும் நமக்கு ‘மூத்த தாரம், இளைய தாரம்’ என்ற பழைய தடம் மனத்தில் கிடக்கிறது. கதை தானாக அதில் இறங்கி ஓடும். தோழியே சக்களத்தியானாள் என்று ஒரு வரி எழுதினால் வாசகர்கள் விரும்பிப் படிப்பார்கள் என்பதும் தெரியும். சண்டை நடந்தது உண்மை. 1919 கிறிஸ்துமஸ் நாளில், நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமின் லிபர்ட்டி ஹாலில் நடந்த திருமணம் சில மாதங்களிலேயே முறிந்தது. 1922இல் கார்வி மிசோரி மாநிலத்தில் மணவிலக்குப் பெற்று, அதே கோடையில் ஜாக்கை மணந்தார். அந்த மணவிலக்கு செல்லாது என்று ஆஷ்வுட் சாகும்வரை வாதாடினார். ஆகையால் அவரை ‘முன்னாள் மனைவி’ என்று எழுதுவதே கார்வியின் பக்கம் தீர்ப்புச் சொல்வதாகிவிடும். ‘முதல் மனைவி’ என்றால் யாரும் குறை சொல்ல முடியாது. இதைத் தாண்டி இந்தச் சண்டைக்கு ஒரு பத்திக்கு மேல் தர வேண்டியதில்லை என்பது என் எண்ணம். 72 ஆண்டு வாழ்ந்த ஒரு பெண்ணின் கதையில் அது சில மாதக் குடித்தனம்.

திருமணத்துக்கு முந்தைய ஆண்டுகளில் நேர்வது வேறு வகைப் பிழை. 1914இல் கிங்ஸ்டனில் ஒரு சொற்போர் மன்றத்தில் கார்வியைச் சந்தித்தபோது ஆஷ்வுட்டுக்கு வயது 17. அதே ஆண்டு கார்வி இயக்கத்தின் அமைப்பான உலகளாவிய நீக்ரோ முன்னேற்றச் சங்கம் தொடங்கியது. பல குறிப்புகள் அவரைச் ‘செயலாளராகப் பணியாற்றியவர்’ என்று ஒரு சொல்லில் முடிக்கின்றன. படிக்கிறவருக்குக் கடிதம் தட்டச்சு செய்யும் பெண்தான் கண்ணில் தெரிவாள். அவரோ சங்கத்தின் தொடக்ககால அமைப்பாளர். பெண்கள் பிரிவைக் கட்டியதில் முன்னின்றவர். சங்கம் இருவர் பேச்சில் பிறந்தது என்பது அவருடைய கூற்று. இங்கிலாந்திலிருந்து திரும்பும் கப்பலிலேயே எண்ணம் தனக்கு உதித்துவிட்டது என்பது கார்வியின் கூற்று. இரண்டையும் யார் சொன்னது என்று குறித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுவதே எழுதுபவருக்குப் பாதுகாப்பு.

இனி, எல்லாவற்றிலும் பெரிய தவறு. 1922 வந்ததும் கட்டுரை முடிந்துவிடுகிறது. ‘பின்னர் அவர் லண்டன் சென்றார், உணவகம் நடத்தினார், 1969இல் காலமானார்’ என்று 47 ஆண்டுகளை ஒரே மூச்சில் விழுங்கிவிடுகிறார்கள். அந்த 47 ஆண்டுகள்தான் கதையே.

1924இல் லண்டனில், லடிப்போ சோலங்கே என்ற நைஜீரிய சட்ட மாணவரோடு சேர்ந்து நைஜீரிய முன்னேற்றச் சங்கத்தை அமைத்தார். அடுத்த ஆண்டு சோலங்கே மேற்கு ஆப்பிரிக்க மாணவர் சங்கத்தைத் தொடங்கினார். பிரிட்டனில் படித்த ஒரு தலைமுறை ஆப்பிரிக்க அரசியல்வாதிகள் பழகி வளர்ந்த இடம் அது. நடுவில் நியூயார்க் திரும்பி, ட்ரினிடாட் கலிப்ஸோ பாடகர் சாம் மேனிங்குடன் இசை நாடகங்கள் தயாரித்தார். 1930களில் மீண்டும் லண்டன்.

அந்த உணவகத்துக்கு வருவோம். ஏதோ பிழைப்புக்காகக் கடை போட்டார் என்பதுபோல் எழுதுகிறார்கள். அன்றைய லண்டனில் கறுப்பர்களுக்கு வாடகைக்கு அறை தர மறுப்பதும், விடுதி வாசலிலேயே திருப்பி அனுப்புவதும் சாதாரணம். ஐந்து பேர் உட்கார்ந்து அரசியல் பேச வேண்டுமென்றால் முதலில் ஐந்து நாற்காலி வேண்டும். அந்த நாற்காலியிலிருந்து எழுந்திரு என்று யாரும் சொல்லாமலிருக்க வேண்டும். ஆஷ்வுட் அந்த நாற்காலிகளைப் போட்டார். நியூ ஆக்ஸ்ஃபோர்ட் தெருவில் ஓர் உணவகம். பிறகு 1936இல் கார்னபி தெருவில், அகால மரணமடைந்த கறுப்பினப் பாடகி ஃபிளாரன்ஸ் மில்ஸ் பெயரில் ஒரு கேளிக்கை விடுதி. ட்ரினிடாட்டைச் சேர்ந்த அரசியல் போராளி ஜார்ஜ் பேட்மோர், எழுத்தாளர் சி.எல்.ஆர். ஜேம்ஸ் எல்லாரும் அங்கே வந்துபோனவர்கள். அங்கே கிடைத்த சாப்பாட்டை ஜேம்ஸ் முதுமையிலும் நினைத்துப் பேசியிருக்கிறார். இங்கிலாந்துச் சமையலை அறிந்தவர்களுக்கு அந்த நன்றியுணர்ச்சி புரியும்.

முசோலினி எத்தியோப்பியா மீது கண்வைத்த 1935இல், அபிசீனியாவின் (எத்தியோப்பியாவின் பழைய பெயர்) சர்வதேச ஆப்பிரிக்க நண்பர்கள் என்ற அமைப்பு லண்டனில் உருவானது. ஜேம்ஸ் தலைவர், கென்யாவின் ஜோமோ கென்யாட்டா செயலாளர், ஆஷ்வுட் பொருளாளர். இதன் தொடர்ச்சியாக 1937இல் பேட்மோர் தலைமையில் சர்வதேச ஆப்பிரிக்கச் சேவை அலுவலகம் வந்தது; அதிலும் அவர் இருந்தார். ஜேம்ஸ், பேட்மோர், கென்யாட்டா வரலாறுகளில் இந்த அமைப்புகள் அரசியலாக வருகின்றன. ஆஷ்வுட் வரலாற்றிலோ உணவகம் மட்டும் வருகிறது. கூடியது ஒரே கூட்டம்தான்.

மான்செஸ்டர் மாநாட்டிலும் இதே கதை. 1945 அக்டோபரில் நடந்த ஐந்தாவது பான் ஆப்பிரிக்க மாநாட்டைப் (உலகெங்கும் உள்ள ஆப்பிரிக்க வம்சாவளியினரின் ஒற்றுமைக்கான கூட்டம்) பற்றிய எந்தக் குறிப்பும் அமெரிக்க அறிஞர் டு பாய்ஸ், பின்னாளில் கானாவின் தலைவரான இங்க்ருமா, கென்யாட்டா, பேட்மோர் என்று அடுக்கும். சோர்ல்டன் ஆன் மெட்லாக் நகர மண்டபத்தில் முதல் அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் ஆஷ்வுட். சில நாள் கழித்து மேற்கிந்தியத் தீவுகளைப் பற்றிய விவாதத்தில் அவர் எழுந்து, கறுப்பினத்தவரைப் பற்றி எவ்வளவோ பேசுகிறார்கள், கறுப்பினப் பெண்ணைப் பற்றி எவ்வளவு பேசினார்கள் என்று கேட்டார். அதோடு நிற்கவில்லை. ஜமைக்காவில் படித்து அரசு உத்தியோகத்தில் அமர்ந்த பெண்கள் நாட்டின் அரசியலில் ஈடுபடுவதில்லை என்று சொந்த நாட்டுப் பெண்களையும் சாடினார். இந்த இரண்டாவது பாதியை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவதும் ஒரு தவறுதான். அவர் பேச்சின் காரம் அதில்தான் இருக்கிறது. ஜமைக்காவின் அல்மா லா பேடி என்ற இன்னொரு பெண்ணும் அங்கே பேசினார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே பெயர்க் குழப்பம் மறுபடி தலைகாட்டும். ஜாக் இந்த மாநாட்டுக்கு வரவில்லை. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே ஜமைக்காவிலிருந்து டு பாய்ஸுடன் கடிதத் தொடர்பில் இருந்து திட்டமிடலில் பங்கெடுத்தார். கார்வியும் டு பாய்ஸும் ஜென்மப் பகையாளிகள் என்பதை நினைத்தால், இது சிறு செய்தியல்ல. ஒரு எமி கடிதத்தில், ஒரு எமி மேடையில். இருவரையும் ஒருவராக்கினால் இரண்டு வேலையும் மங்கிப்போகும்.

‘பான் ஆப்பிரிக்க’ என்பதை ‘அகில ஆப்பிரிக்க’ என்று மொழிபெயர்த்துவிட்டு, ஏதோ ஆப்பிரிக்கக் கண்டத்துக்குள் நடந்த இயக்கம் என எண்ணிவிடுவதும் உண்டு. ஆஷ்வுட்டின் பயணத்தைப் பின்தொடர்ந்தாலே அந்த எண்ணம் கலையும். ஜமைக்கா, பனாமா, ஹார்லெம், லண்டன் எல்லாம் கடந்து, ஐம்பதை நெருங்கும் வயதில்தான், 1946இல், மேற்கு ஆப்பிரிக்காவுக்கு நீண்ட பயணம் போனார். லைபீரியாவிலும், இன்று கானா எனப்படும் கோல்ட் கோஸ்ட்டிலும் தங்கினார். அடிமையாக விற்கப்பட்ட மூதாதையைப் பற்றிச் சிறு வயதில் வீட்டில் கேட்ட கதையைப் பிடித்துக்கொண்டு, அசாந்தி நாட்டில் தன் வேரைத் தேடினார்.

1953இல் லண்டனின் லாட்ப்ரோக் குரோவ் பகுதியில் அவர் பெண்களுக்காக ஒரு மையம் தொடங்கினார். 1958இல் அக்கம்பக்கத்து நாட்டிங் ஹில்லில் வெள்ளையர் கும்பல்கள் கறுப்பர்களைத் தாக்கின. அடுத்த மே மாதம் ஆன்டிகுவாவைச் சேர்ந்த தச்சர் கெல்சோ காக்ரேன் தெருவில் குத்திக் கொல்லப்பட்டார். இந்தக் காலத்தை எழுதுவோர் லண்டனில் இயங்கிய கறுப்பினப் பத்திரிகையாளர் கிளாடியா ஜோன்ஸுடன் நிறுத்திக்கொள்கிறார்கள். ஜோன்ஸின் ‘வெஸ்ட் இண்டியன் கெசட்’ பத்திரிகையோடு ஆஷ்வுட்டுக்குத் தொடர்பு இருந்தது. கொலைக்குப் பின் எழுந்த இன நல்லிணக்கக் குழுவுக்குத் தலைவரும் அவரே. அப்போது வயது 62.

பிழைகளைத் திருத்தப் புறப்பட்டு அவரைக் கோயில் சிலையாக்கிவிடவும் கூடாது. கடைகள் நொடித்தன, திட்டங்கள் பாதியில் நின்றன, கார்வியைப் பற்றி எழுதத் தொடங்கிய நூல் அவர் காலத்தில் அச்சேறவில்லை. 1969 மே 3இல் கிங்ஸ்டனில் இறந்தார்.

கடைசியாக, நூலுக்குப் பொருளடைவு தயாரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘கார்வி, எமி’ என்று ஒரே பதிவாகப் போடாதீர்கள். ‘ஆஷ்வுட்’ என்பதற்கு ஒரு வரி, ‘ஜாக்’ என்பதற்கு ஒரு வரி.